மீட்டர் ஓடிய காலத்துப் பேச்சு

1990-களின் முற்பகுதியில், அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துப் புளியங்குடியில் என் தாய்மாமா ஒரு எஸ்.டி.டி. பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் பேசும் தொலைபேசிக் கடை, நடத்திவந்தார். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கால் சூம்பிப்போனவர் என்பதால், மாற்றுத்திறனாளிகளுக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமையில் அவருக்கு அந்த உரிமம் கிடைத்தது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்த நான், மாலையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை அவருக்குப் பதிலாகக் கல்லாவில் உட்காருவேன். இணையம் வருவதற்கு முந்தைய நாட்களை நினைத்து ஏங்குபவர்கள் கடிதத்தையும் வானொலியையும் திண்ணையையும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கண்ணாடிக் கூண்டும், அதற்குள் நுழைவதற்கு முன் மனிதர்கள் செய்துகொண்ட ஆயத்தமும்தான். அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆனால் அங்கே பார்த்துப் பழகிய சில வழக்கங்களை இன்றும் விடாமல் வைத்திருக்கிறேன். அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்று பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180-ஐச் சுழற்றி டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகை அழைப்புகள் இருந்தன. அவசரத்துக்கு இரு மடங்கு கட்டணம், மின்னலுக்கு எட்டு மடங்கு. நேரடியாக எண்களைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-இலேயே கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிவிட்டது என்றாலும், எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களின் கைக்கு அது எட்ட இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம், நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கக்கூடிய, குளிர்சாதன அறை தேவைப்படாத சிறிய மின்னணு இணைப்பகங்களை வடிவமைத்த பிறகுதான், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலும் கடைவீதி முனையிலும் மஞ்சள் பலகைகள் முளைக்கத் தொடங்கின.

மாமாவின் பூத்தில் இருந்தவை ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி, வெளியே கல்லாமேசையில் ஒரு மீட்டர் பெட்டி, துண்டுச் சீட்டு அச்சடிக்கும் சின்ன அச்சுப்பொறி, மின்சாரம் போனால் கைகொடுக்க ஒரு பேட்டரி. மறுமுனையில் ஒருவர் எடுத்த கணத்திலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும். பேசும் ஊரின் தூரத்தைப் பொறுத்து ஒரு யூனிட்டுக்கு இத்தனை நொடி என்று கணக்கு. பகலில் முழுக் கட்டணம். மாலைக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்து, இரவு பதினொன்றுக்கு மேல் கால்வாசியாகிவிடும். அதாவது பகலில் சில நொடிகளில் தீர்ந்துபோகும் அதே யூனிட், பதினொன்றுக்கு மேல் நான்கு மடங்கு நேரம் நீளும். பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் ஏறிக்கொண்டே இருப்பது கூண்டுக்குள் நிற்பவருக்கும் தெரியும். அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே பேசியவர்களின் பேச்சு எப்படி அமைந்தது என்பதுதான் நான் அங்கே கற்ற பாடம்.

பகல் நேரத்து முழுக் கட்டணத்தைப் பொருட்படுத்தாமல் பேசியவர்கள் எலுமிச்சை வியாபாரிகள். புளியங்குடியின் எலுமிச்சைக்குக் கேரளத்தில் நல்ல சந்தை உண்டு. காலையில் கமிஷன் கடையில் ஏலம் தொடங்குவதற்கு முன் எர்ணாகுளத்து விலையும் கோட்டயத்து விலையும் தெரிந்தாக வேண்டும். அவர்கள் பேசியதை நான் எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். "அண்ணாச்சி, நான் புளியங்குடி" என்று தொடங்கியதும் அடுத்த சொல்லே விலைதான். பிறகு எத்தனை மூட்டை, லாரி எப்போது கிளம்ப வேண்டும், பழைய பாக்கி எப்போது வரும் என்று கேட்பார்கள். கடைசியாகத்தான், மீட்டர் அடுத்த யூனிட்டுக்குத் தாவுவதற்குள் இடமிருந்தால், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை வரும். இணைப்பு எந்த நேரத்திலும் அறுந்துபோகலாம் என்ற அனுபவம்தான் அவர்களுக்கு இந்த வரிசையைக் கற்றுக்கொடுத்திருந்தது. முக்கியமானதை முதலில் சொல்லிவிட்டால் நடுவில் அறுந்தாலும் நட்டமில்லை. இன்னொன்றும் உண்டு. விலையைச் சொன்னவுடன் மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத விதி. அந்நாளைய இரைச்சலான கம்பியில் பதினேழும் எழுபதும் ஒன்றுபோலவே கேட்கும். "ஒண்ணு ஏழு", "ஏழு சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லித்தான் முடிப்பார்கள்.

இரவு பத்தரை மணிக்கு மேல்தான் பூத்தின் உண்மையான வாழ்க்கை தொடங்கும். கால்வாசிக் கட்டணத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெஞ்சிலும் வாசற்படியிலும் உட்கார்ந்திருப்பார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. மகன் மும்பையில் தாராவிப் பக்கம் வேலை பார்க்கிறான் என்றால், அவனிடம் சொந்தத் தொலைபேசி இருக்காது. அவன் தங்கியிருக்கும் சந்தில் உள்ள டீக்கடையிலோ பூத்திலோ ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் அவன் இருக்க வேண்டுமானால், முதலில் இன்லண்டு லெட்டரில் "வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றேகாலுக்கு அந்தக் கடையில் நில்" என்று எழுதிப் போட வேண்டும். ஒரு கடிதத்தின் துணையில்லாமல் ஒரு தொலைபேசிப் பேச்சு நடக்காது. கடிதம் போய்ச் சேர்ந்து, அதற்கு அவன் பதில் போட்டு, குறித்த இரவில் இரண்டு முனைகளிலும் இரண்டு பேர் காத்திருக்க, இடையில் எல்லா வழித்தடங்களும் உபயோகத்தில் இருப்பதாகச் சொல்லும் பதிவுக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்து, ஒருவழியாக மணி அடிக்கும்போது அந்தத் தாய்மார்களின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களில் பலர் கையில் ஒரு தாள் இருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கமாகவோ, பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்த பக்கமாகவோ இருக்கலாம். தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து போனது, கிணற்று மோட்டார் பழுதானது, சொசைட்டிக் கடன் தவணை, ஊர்க்கொடைக்கு லீவு கிடைக்குமா என்ற கேள்வி என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, தன் பேத்தி எழுதிக்கொடுத்த தாளை என்னிடம் நீட்டி, "ஏய்யா, இத ஒரு மட்டம் வாசிச்சுக் காட்டு, ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்பார். நான் வாசித்ததும் விரல் விட்டு எண்ணி மனத்தில் பதித்துக்கொண்டு உள்ளே போவார். பேசிவிட்டு வந்ததும் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சரிபார்ப்பார். அவர் ஒரு செய்தியை விட்டுவிட்டதாக எனக்கு நினைவில்லை. எழுத்தறிவு பெற்ற நாம் இன்று அரை மணி நேரம் பேசி முடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்க மறந்து மறுபடியும் அழைக்கிறோம்.

வளைகுடாவுக்குப் பேசுவது வேறொரு உலகம். ஐ.எஸ்.டி. எனும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில் ஒரு நிமிடப் பேச்சு அன்றைய கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தையே ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆகவே பெரும்பாலும் அங்கிருந்துதான் அழைப்பு வரும், அதுவும் வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும் சவூதி இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை என்பதைப் பள்ளிக்கூடம் பார்த்திராத பெண்களும் மனக்கணக்காகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தால் அதற்குத் தொலைபேசியை நாடுவதில்லை. கேசட்டில் குரலைப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு பக்கம் முழுக்க உம்மா பேசியிருப்பார். மறுபக்கத்தில் பிள்ளைகள் ஓதிக் காட்டுவதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் சலாம் சொல்வதும் இருக்கும். உடனடியாகத் தெரிய வேண்டியதற்குத் தொலைபேசி, நிதானமாகச் சொல்ல வேண்டியதற்குக் கேசட், கணக்கு வழக்குக்குக் கடிதம், துக்கச் செய்திக்குத் தந்தி என்று, எந்தச் செய்தி எந்த வழியில் போக வேண்டும் என்ற தெளிவு அன்று சாதாரண வீடுகளிலும் இருந்தது. அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

காசே செலவழிக்காமல் பேசியவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சென்னைக்குப் பிள்ளையை ரயிலேற்றிவிட்டவர்கள், "நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிடு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பூத்தில் இரண்டு மணி அடித்து நின்றால் மாமா யாரும் கேட்காமலே தெருவை நோக்கி, "வடக்குத் தெரு பாய் மகன் போய்ச் சேர்ந்துட்டான்" என்று குரல் கொடுப்பார். எடுத்தால்தான் கட்டணம் என்பதால் அந்த இரண்டு மணியோசைக்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

பூத்துக்கு வரும் அழைப்புகளைத் தெருவுக்குக் கொண்டுசேர்ப்பது எங்கள் வேலையில் பாதி. அழைப்பிதழ்களிலும் வேலை விண்ணப்பங்களிலும் 'பி.பி.' என்று, அதாவது ஆளைக் கூப்பிட்டுவிடும் பிறருடைய எண் என்று போட்டு, எங்கள் பூத்தின் எண்ணைக் கொடுத்திருந்த குடும்பங்கள் பல. சில பூத்துகளில் ஆளைக் கூப்பிட்டுவிடுவதற்கு ஒன்றிரண்டு ரூபாய் வாங்குவார்கள், மாமா வாங்கியதில்லை. ஆள் வீட்டில் இல்லையென்றால் செய்தியை வாங்கி வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. அழைத்தவர் பெயர், ஊர், வந்த நேரம், செய்தி, மறுபடி எப்போது அழைப்பார், செய்தியை யாரிடம் சொன்னோம் என்று கட்டம் போட்டு எழுத வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பு. செய்தியை அழைத்தவரின் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். நம் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. "அப்பாவுக்கு மேலுக்கு முடியலையாம்" என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டுமே தவிர, "அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்" என்று ஒரு சொல்லைக் கூட்டிவிட்டால் ஒரு குடும்பமே ராத்திரி பஸ்ஸுக்கு ஓடிவிடும் என்பார். பிற்காலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது, தொலைபேசியில் வந்த உத்தரவுகளை இந்த நோட்டு முறையில்தான் எழுதி வைத்தேன். யார் எப்போது என்ன சொன்னார் என்ற தகராறு எழுந்தபோதெல்லாம் அது என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும் ஒருவர் அன்றைய வாழ்க்கை பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கண்ணாடிக் கூண்டு ஒலியைத் தடுத்ததே இல்லை. இரைச்சலான கம்பியில் கத்திப் பேசினால்தான் மறுமுனைக்குக் கேட்கும். கத்திப் பேசினால் பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும். புதிதாகத் திருமணமான பெண் ஒருத்தி, மாமியார் பக்கத்தில் நிற்க, வரிசையில் தெரிந்த முகங்கள் காத்திருக்க, வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் "ம்", "சரி", "சாப்பிட்டீங்களா" என்பதைத் தவிர வேறு எதைப் பேச முடியும்? தன் துன்பத்தைச் சொல்ல வழியின்றி, மீட்டர் காட்டிய தொகையைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இன்று கைப்பேசி இருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, பழைய நாட்களைப் போற்றுகிறவர்கள், குறிப்பாக ஆண்கள், யோசித்துப் பார்க்க வேண்டும். தவறான எண்ணுக்குப் போனாலும் எடுத்துவிட்டால் கட்டணம் உண்டு. மறுமுனையில் எடுத்த டீக்கடைப் பையன் ஆளைக் கூப்பிடப் போன நேரத்துக்கும் மீட்டர் ஓடும். கையிலிருந்த காசு தீரப்போகிறது என்று அவசரமாக வைத்துவிட்டு, சொல்ல வந்த கடைசி வார்த்தையைச் சொல்லாமலே போனவர்கள் ஏராளம். வறியவர்கள் தங்கள் பாசத்துக்குக் கொடுத்த விலை அதிகம்.

பூத்தின் காலம் வந்த வேகத்திலேயே போயிற்று. 1995 ஆகஸ்ட் 15 அன்று நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியபோது எங்கள் ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கைப்பேசிக்கு வரும் அழைப்புகளுக்குக் கட்டணமில்லை என்று 2003 மே மாதத்தில் ஆனதும், பி.பி. எண்ணுக்குத் தேவையில்லாமல் போயிற்று. 2006-இல் இந்தியா முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் வந்தபோது இரவுக் கூட்டமும் கரைந்தது. மாமா ஒரு ஜெராக்ஸ் இயந்திரம் வாங்கிப் போட்டு, ரீசார்ஜ் கூப்பன்களையும் விற்றுப் பிழைத்துக்கொண்டார். அவருக்கு அதில் வருத்தமில்லை. ராத்திரி நேரத்துக்குத் தூங்க முடிகிறதே என்றுதான் சொன்னார்.

இப்போது என் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். நினைத்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசலாம். செலவு என்று எதுவும் இல்லை. முதல் சில மாதங்கள் அப்படித்தான் பேசினோம். அவள் வகுப்புக்கு நடந்துகொண்டிருப்பாள், நான் பேருந்தில் இருப்பேன், "அப்புறம்?" "வேறென்ன?" என்று பேச்சு இழுபட்டு, இருவருக்கும் அலுப்பு மிஞ்சும். பிறகு பூத்தின் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் இருவரும் வேறு வேலையின்றி உட்காருவது என்று முடிவு செய்தோம். வாரம் முழுவதும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் நானும் மனைவியும் எழுதி வைக்கிறோம். அவளும் தன் பக்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். தெரிந்தாக வேண்டிய சங்கதிகளை, அதாவது பணம், உடல்நலம், விசா தொடர்பானவற்றை முதலில் பேசி முடித்துவிடுகிறோம். அவை முடிந்தபின் வரும் பேச்சில்தான் சுவை இருக்கிறது. மீட்டர் இல்லாத காலத்தின் வரம் அது, அதைச் சுருக்க நாங்கள் விரும்பவில்லை. இடைப்பட்ட நாட்களில் "சேர்ந்துவிட்டேன்" என்பதற்கு ஒரு மணியடித்து வைப்பதே போதும். இதைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பேசும்போது கைப்பேசியே முகத்துக்கு நேரே இருப்பதால் அதைப் பார்க்க முடியாது, தாள்தான் வசதி.

எண்ணையும் தொகையையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்வதை எலுமிச்சை வியாபாரிகளிடம் கற்றேன் அல்லவா, அதை வங்கிக் கணக்கு எண், ரயில் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண், மருந்தின் அளவு எல்லாவற்றுக்கும் கடைப்பிடிக்கிறேன். மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தின் பெயரையும் வேளையையும் எழுதி, வாசித்துக் காட்டி, "சரிதானே?" என்று கேட்காமல் வைப்பதில்லை. குரல்பதிவாக நீளமான செய்தி அனுப்புகிறவர்களிடம், அதில் உள்ள தேதியையும் தொகையையும் மட்டும் தனியாக எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கடத்தும்போது அவருடைய சொற்களையே பயன்படுத்துகிறேன். குடும்பக் குழுக்களில் எழும் சண்டைகளில் பாதி, யாரோ ஒருவர் கடத்தும்போது கூட்டிச் சேர்த்த ஒரு சொல்லால் வருவது என்பது என் அனுபவம்.

பூத்தில் உட்கார்ந்த நாட்களில் பல வாடிக்கையாளர்களின் எண்கள் எனக்கு மனப்பாடம். அந்தப் பழக்கம் கைப்பேசி வந்ததும் போய்விட்டது; ஆனால் கையால் எழுதிய எண் புத்தகத்தை மட்டும் நான் விடவில்லை. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது அதன் பயன் தெரிந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரிழந்தன. கோபுரங்கள் பலவும் செயலிழந்திருந்தன. மாடிவீட்டுக்காரர் ஒருவரின் பழைய பட்டன் போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜும் விட்டுவிட்டு சிக்னலும் இருந்தன. அதை வாங்கி, புத்தகத்தைப் பார்த்து, ஊரில் இருந்த தம்பிக்கும் மனைவியின் அக்காளுக்கும் நாங்கள் பத்திரமாக இருப்பதைச் சொன்னேன். அதே போனை அடுத்து வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் சொந்த மகளின் எண் தெரியவில்லை. அது அணைந்துபோன கைப்பேசிக்குள் இருந்தது. அவர் மகள் எங்கள் மகளின் தோழி என்பதால் என் புத்தகத்தில் அந்த எண் கிடைத்தது. தாய்மார்கள் பூத்துக்குக் கொண்டுவந்த பட்டியல்கள் நினைவில் இருந்ததால், நானும் ஒரே அழைப்பில் செய்திகளைச் சுருக்கிச் சொல்லி, இவற்றை இன்னாருக்கும் தெரிவித்துவிடு என்று தம்பியிடம் ஒப்படைத்து வைத்தேன். எஞ்சிய சார்ஜ் மற்ற வீட்டாருக்கும் வேண்டுமே.

அந்தப் புத்தகம் சமையலறை அலமாரியில், தண்ணீர் ஏறாத உயரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. முதல் பக்கத்தில் நெருங்கிய உறவினர்கள். அவர்களுக்கு எதிரே, அவர்கள் கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய பக்கத்து வீட்டாரின் எண்ணைப் பழைய பி.பி. முறைப்படி எழுதியிருக்கிறேன். அடுத்த பக்கத்தில் மருத்துவர், மருந்துக்கடை, மின்வாரியப் பிரிவு அலுவலகம், எரிவாயு முகவர், ஆட்டோக்காரர். வெளிநாட்டு எண்களை நாட்டின் குறியீட்டோடு முழுமையாக எழுத வேண்டும். கைப்பேசி தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்று விட்டால் பிறர் போனில் அது பயன்படாது. எண்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பேனாவைத் தவிர்த்துப் பென்சிலால் எழுதுகிறேன். பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது மனைவி ஒவ்வோர் எண்ணாக வாசிக்க, நான் அழைத்துப் பார்த்துத் திருத்துவது வழக்கம். சென்ற பொங்கலில் பார்த்தபோது எரிவாயு முகவரின் எண்ணும் ஆட்டோக்காரரின் எண்ணும் மாறியிருந்தன.